'மட்டும்' என்ற ஒரு சொல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் நாளிதழின் ஏழாம் பக்கத்தில், நடுவானில் குலுங்கிய விமானம் ஒன்றைப் பற்றிய செய்தி வெளியாகியிருந்தது. "பயணிகள் அனைவரும் பத்திரமாகத் தரையிறங்கினர்; விமானப் பணிப்பெண்கள் இருவருக்கு மட்டும் லேசான காயம் ஏற்பட்டது" என்று அது முடிந்திருந்தது. அந்த 'மட்டும்' என்ற சொல்லைத் தாண்டி அன்று என்னால் எட்டாம் பக்கத்துக்குப் போக முடியவில்லை. என் தந்தையார் காலத்திலிருந்து தங்கள் இதழை வாங்கிவரும் குடும்பம் எங்களுடையது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் 19 ஆண்டுகள் விமானத்தில் கேபின் பணியாளராக வேலை பார்த்தவள். 1999 நவம்பரில் ஒருநாள் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். வடகிழக்குப் பருவமழையின்போது வங்கக் கடலுக்கு மேல் இடிமேகங்கள் எப்படி அடுக்கடுக்காக எழும்பி நிற்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. விமானி அவற்றைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார். சாப்பாடு பரிமாறி முடித்து, நானும் உடன் பணியாற்றிய தோழியும் டிராலியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போகையில், சீட் பெல்ட் விளக்கு எரியும் மணியோசை கேட்டது. டிராலியின் பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினேன். தூக்கிய கால் தரைக்குத் திரும்பவில்லை. டிராலியின் மேலிருந்த கெட்டிலின் மூடி திறந்து, உள்ளிருந்த தேநீர் முழுவதும் ஒரே உருண்டையாக என் கண் மட்டத்துக்கு எழும்பியதைப் பார்த்தேன். என் தலை மேற்கூரையில் மோதியதும், நான் கீழே விழுந்ததும், டிராலி என் வலது கணுக்காலின் மேல் சரிந்ததும் அதன் பிறகு நடந்தவை. பெல்ட் போட்டிருந்த ஒரு பெரியவர் தம் இருக்கையிலிருந்தே குனிந்து, அடுத்த குலுக்கலில் நான் மறுபடி மேலே தூக்கி எறியப்படாதபடி என் தோளைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் அன்று பெல்ட் போட்டிருக்காவிட்டால், அவரும் என்னருகில்தான் கிடந்திருப்பார்.

மறுநாள் காலை கும்பகோணத்தில் என் தாயார் செய்தித்தாளைப் பிரித்தார். அது தங்கள் நாளிதழ்தான். "பயணிகள் அனைவரும் நலம்; ஊழியர் ஒருவருக்கு மட்டும் லேசான காயம்" என்று அதில் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை என்று நம்பி, பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். பிற்பகலில் பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசி வந்த பிறகுதான், அந்த ஒருவர் தம் மகள் என்பதும், கணுக்காலில் இரண்டு இடங்களில் எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியவந்தன. அந்த லேசான காயத்துக்காக ஆறு மாதம் படுத்திருந்தேன். இன்றும் மாடிப்படியில் பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்குகிறேன். அந்தச் செய்தித் துணுக்கை என் தாயார் கடைசிவரை வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே சொல் அதே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது, காயமடைந்தவர்களை எண்ணும் கணக்கில் நாங்கள் வேறு வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறோமோ என்று வருந்துகிறேன். பணியாளர்களுக்குத்தான் அடிபட்டது என்றால் மற்றவர்களுக்கு ஆபத்தில்லை என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். உண்மை அப்படியில்லை. அமெரிக்காவில் இத்தகைய கொந்தளிப்பில் பலத்த காயமடைகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கேபின் பணியாளர்கள் என்பதை அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலேயே சொல்லியிருக்கிறது. காரணம் எளியது. அந்த நேரத்தில் நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம். எங்களைத் தூக்கி எறியும் அதே குலுக்கல், பெல்ட் போடாத பயணியையும் தூக்கி எறியும்.

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தைத் தாங்களும் முதல் பக்கத்தில் வெளியிட்டீர்கள். 211 பயணிகளும் 18 ஊழியர்களும் இருந்த அந்த விமானம், மியான்மரின் ஐராவதி ஆற்றுப் படுகைக்கு மேல் 37,000 அடி உயரத்தில் குலுங்கியது; 73 வயதுப் பிரிட்டன் பயணி ஒருவர் உயிரிழந்தார்; விமானம் பாங்காக்கில் இறக்கப்பட்டது. 'ஆறாயிரம் அடி பள்ளத்தில் விழுந்த விமானம்' என்று தாங்கள் தலைப்பிட்டிருந்தீர்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு சிங்கப்பூர்ப் புலனாய்வுத் துறை, விமானக் கருவிகளில் பதிவான விவரத்தை வெளியிட்டது. விமானம் தாழ்ந்தது 178 அடி. அதற்கு ஆன நேரம் 4.6 விநாடி. ஆறாயிரம் அடி இறங்கியது அதன் பிறகு, விமானிகளே கட்டுப்பாட்டோடு இறக்கியது. இந்தத் திருத்தத்தைத் தங்கள் இதழில் தேடித் தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை.

ஆறாயிரம் அடி என்று எழுதினால், அது ஏதோ லட்சத்தில் ஒன்று, நமக்கு வராது என்று படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். 178 அடி என்று எழுதியிருந்தால், அவ்வளவு சிறிய தாழ்விலேயே இத்தனை பேர் மேற்கூரையில் மோதினார்களா என்று யோசித்திருப்பார். விமானம் கீழே போகும் வேகத்துக்கு உடல் போகாது. பெல்ட் இல்லாதவரின் தலையைத் தேடிக் கூரை இறங்கி வருகிறது. 'காற்றுப் பள்ளம்' என்று தாங்கள் எழுதுவதும் எனக்கு உறுத்துகிறது. வானத்தில் காற்றில்லாத பள்ளம் எதுவும் கிடையாது. மேலே ஏறும் காற்றும் கீழே இறங்கும் காற்றும்தான் உண்டு. பள்ளம் என்றால் பார்த்து ஒதுங்கிப் போகலாம் என்றாகிறது. விமானத்தின் ரேடார் மழைத்துளியைக் காட்டும். தெளிந்த வானத்தில் வரும் கொந்தளிப்பை அது காட்டாது.

சிங்கப்பூர்ப் புலனாய்வுத் துறையின் அதே அறிக்கையில் இன்னொரு விவரமும் இருந்தது. பெல்ட் விளக்கைப் போட்டாயிற்று என்று விமானி சொன்னதற்கும், விமானம் கீழே இழுக்கப்பட்டதற்கும் இடையே எட்டு விநாடிதான். உட்கார்ந்திருப்பவருக்கு எட்டு விநாடி போதும். இடைவழியில் நிற்கும் பணியாளர் அதற்குள் டிராலிக்குப் பிரேக் போட்டு, சூடான பாத்திரத்தைத் தரையில் இறக்கி, தாமும் ஓர் இருக்கையைத் தேடி உட்கார்ந்து பட்டையை மாட்டியாக வேண்டும். அந்த எட்டு விநாடியைத் தெரிந்தவர் எவரும் 'மட்டும்' என்று எழுதமாட்டார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, பெல்ட் விளக்கு எரியும்போது சூடான பானங்கள் தருவதோடு உணவு பரிமாறுவதையும் நிறுத்துவதென சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் முடிவு செய்தது. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையில், விமானம் லேசாக ஆடியதற்கே பணிப்பெண்கள் காபி தர மறுத்துவிட்டுச் சொகுசாக உட்கார்ந்துகொண்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். கேப்டன் உட்காரச் சொன்னால் உட்கார்வதுதான் எங்கள் வேலை. அதைப் பற்றி அப்போதே ஒரு கடிதம் அனுப்பினேன். இடமின்மையால் அது வெளியாகவில்லை என்றே இன்றும் நம்புகிறேன்.

சிங்கப்பூர் விமானச் சம்பவத்துக்குச் சரியாக ஓராண்டு கழித்து, 2025 மே 21 அன்று, டெல்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்ற இண்டிகோ விமானம் ஆலங்கட்டி மழையில் சிக்கி, மூக்குப் பகுதி உடைந்த நிலையில் பத்திரமாகத் தரையிறங்கியது. இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகள்; அவர்களில் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இருந்தார்கள். அவர்கள் அலறியதையும் பிரார்த்தித்ததையும் அரைப் பக்கத்துக்கு வெளியிட்டீர்கள். யார் யார் பெல்ட் போட்டிருந்தார்கள் என்று உங்கள் நிருபர் ஒருவரிடமாவது கேட்டாரா? வடக்கு அட்லாண்டிக் வான்வழியில் 1979-க்கும் 2020-க்கும் இடையே தெளிந்த வானத்தில் கடுமையான கொந்தளிப்பு நிகழும் நேரம் 55 சதவீதம் கூடியிருப்பதாக ரெடிங் பல்கலைக்கழகத்தார் 2023-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். வானம் சூடேறச் சூடேற இது குறையப்போவதில்லை. இந்தக் கேள்வியை இனி ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியிருக்கும்.

நான் தங்களிடம் கேட்பது இரண்டுதான். இனி இத்தகைய செய்தியில் காயமடைந்த பணியாளர்களைப் பயணிகளோடு சேர்த்து எண்ணி எழுதுங்கள். அந்த 'மட்டும்' வேண்டாம். செய்தியின் கீழே, விளக்கு அணைந்திருந்தாலும் உட்கார்ந்திருக்கும்வரை பெல்ட்டைப் போட்டே வையுங்கள் என்று ஒரு வரி சேருங்கள். ஏழாம் பக்கத்தில் அதற்கு இடம் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கேபின் பணியாளர்,
நங்கநல்லூர், சென்னை.