பள்ளிவாசல் வாடகை நோட்டை யார் காட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வக்ஃபு (அல்லாஹ்வின் பெயரால் தர்மத்துக்கென்று நிரந்தரமாக விட்ட சொத்து) திருத்தச் சட்டம் பற்றி 2025 ஏப்ரலிலிருந்து உங்கள் பத்திரிகையில் வந்ததை எல்லாம் ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். மக்களவையில் 288க்கு 232, மாநிலங்களவையில் 128க்கு 95 என்று வாக்கு விழுந்தது, நள்ளிரவு தாண்டி விவாதம் நடந்தது, எங்கள் ஊர் உட்படப் பல ஊர்களில் கண்டன ஊர்வலம் போனது, எல்லாம் வந்தது. ஆனால் வக்ஃபு என்றால் ஒரு தெருவில், ஒரு பள்ளிவாசலில், நடைமுறையில் என்ன என்று ஒரு செய்தியிலும் நான் பார்க்கவில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன். இடமிருந்தால் போடுங்கள், பெயர் மட்டும் வேண்டாம். ஊர் சின்னது, நாளைக்கும் நான் அதே தெருவில்தான் கடை திறக்க வேண்டும்.

நான் ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து தரும் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் எங்கள் பள்ளிவாசல் செயலாளர் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வக்ஃபு சொத்துகளைப் பதியும் மத்திய அரசின் உமீத் போர்ட்டலில் விவரங்களை ஏற்ற வேண்டும், டிசம்பர் முதல் வாரத்தோடு கெடு முடிகிறது, "தங்கச்சி, ராவோடு ராவா ஸ்கேன் பண்ணிக் குடுத்துடும்மா" என்றார். அந்தப் போர்ட்டல் பகலில் சுற்றிக்கொண்டே இருக்கும், ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் ஏதோ கொஞ்சம் நகரும். ஜூன் 6ஆம் தேதியே திறந்த போர்ட்டல் அது. ஆறு மாதத்தில் ஐந்தரை மாதம் பெட்டி பீரோவுக்கு மேலேயே இருந்திருக்கிறது.

பெட்டிக்குள் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சத்தில் ஒரு பத்திரம் கிடைத்தது. அரசர் தலை போட்ட முத்திரைத்தாள், 1938, வெகுதானிய வருஷம் ஆவணி மாதம். எழுதிக் கொடுத்தது ஒரு பெண். கணவர் இறந்தவர், பிள்ளை இல்லை. கடைத்தெரு மனை ஒன்றையும், வாய்க்கால் ஓரம் 7 மா (மா என்பது பழைய நில அளவு) நஞ்சையையும் "சந்திர சூரியர் உள்ளவரை" அல்லாஹ்வின் பெயரால் வக்ஃபாக விடுகிறேன் என்கிறார். வரும்படியில் விளக்குக்கு எண்ணெய், பாங்கு சொல்லும் மோதினாருக்குச் சம்பளம், அது போக மிச்சம் எல்லாம் தகப்பன் இல்லாத பெண் பிள்ளைகளுக்கு. இதற்குச் சக்குபந்தி என்று நான்கெல்லை எழுதி, கடைசியில் இடது பெருவிரல் ரேகை. மை கொஞ்சம் கூடிப்போய் ஓரம் இழுத்திருந்தது, யாரோ அவசரமாக விரலை எடுக்கச் சொன்ன மாதிரி. எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த அம்மாவின் பெயரை அன்றைக்குத்தான் தெரியும். பள்ளிவாசலில் ஆண்கள் பெயரோடு மூன்று கல்வெட்டு இருக்கிறது. ஒன்று மின்விசிறி வாங்கிக் கொடுத்ததற்கு.

அதே பெட்டியில் வாடகை நோட்டும் இருந்தது. அந்த மனையில் இப்போது ஐந்து கடைகள். ஒரு கடைக்கு மாத வாடகை 250 ரூபாய். ஐந்துக்கும் சேர்த்து 1,250. கடைத்தெரு விலைவாசி எனக்குத் தெரியாதா, நானும் அங்கேதானே வாடகை கொடுக்கிறேன். ஐந்தில் மூன்று கடைகளில் இருப்பவர்கள் நோட்டில் பெயர் உள்ளவர்கள் இல்லை. நோட்டில் பெயர் உள்ளவருக்கு மாதம் 8,000 கொடுத்துவிட்டு உள்வாடகைக்கு இருப்பவர்கள். அப்படி 250 கட்டி 8,000 வாங்கும் ஒருவர் நிர்வாகக் கமிட்டியில் இருப்பவரின் மச்சான். 7 மா நஞ்சையில் இப்போது பள்ளிவாசல் பெயரில் பட்டா இருப்பது 4 மா. மிச்சம் 3 மா எங்கே என்று நான் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை, வாய்க்கால் பக்கம் போனால் மாடி வீடாக நிற்கிறது. எந்த அரசும் வந்து அதைப் பறிக்கவில்லை. வீட்டுக்காரர்கள் தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்பவர்கள்தான், ஏப்ரல் ஊர்வலத்திலும் பேனர் பிடித்துக்கொண்டு முன்வரிசையில்தான் போனார்கள்.

இதைப் படித்துவிட்டு, "பார், அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள், சட்டம் சரிதான்" என்று யாராவது சொல்வார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், எனக்கு இந்தச் சட்டத்தில் உடன்பாடு இல்லை. ஐந்து வருஷமாவது இஸ்லாத்தைக் கடைப்பிடித்தவர்தான் வக்ஃபு செய்யலாம் என்று எழுதினார்களே, அந்த ஐந்து வருஷத்தை யார், எதை வைத்து அளப்பது? நாகூர் தர்காவின் மிக உயரமான மினாரைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். 131 அடி. இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு அவரிடம் போய் என்ன சான்றிதழ் கேட்பது? 2013 திருத்தத்தில் யார் வேண்டுமானாலும் வக்ஃபுக்குக் கொடுக்கலாம் என்று வந்த வாசலை மறுபடி மூடினார்கள். அப்புறம், வக்ஃபு சொத்துகளை மேற்பார்க்கும் வாரியத்தில் முஸ்லிம் அல்லாதவர்களையும் உறுப்பினராக்கும் விஷயம். தமிழ்நாட்டில் அறநிலையத் துறை ஆணையர் இந்துவாக இருக்க வேண்டும் என்று 1959ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது, அது நியாயம்தான், யாரும் ஆட்சேபிக்கவில்லை. வக்ஃபு வாரியத்துக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா? உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 15 இடைக்கால உத்தரவில் ஐந்து வருஷ நிபந்தனையை நிறுத்தி வைத்து, முஸ்லிம் அல்லாத உறுப்பினர்கள் மாநில வாரியத்தில் மூன்று பேருக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டி, சொத்து யாருடையது என்று அதிகாரியே முடிவு கட்டும் பிரிவுக்கும் தடை போட்டது. கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் பதிவு செய் என்று சொன்னதை அதே நீதிமன்றம் நிறுத்தவில்லை. டிசம்பர் 1ஆம் தேதி கெடுவை நீட்டிக் கேட்டபோதும் வக்ஃபு தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றுதான் சொன்னது. அதில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிவு ஒன்றும் புதுசு இல்லை. 1995 சட்டத்திலும் இருந்தது, அதற்கு முந்தின 1954 சட்டத்திலும் இருந்தது. வருஷா வருஷம் வாரியத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும் என்பதும் பழைய சட்டம்தான். நாம் செய்யவில்லை, அவ்வளவுதான்.

முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்து 2006 நவம்பரில் வந்த சச்சார் குழு அறிக்கையை எங்கள் மேடைகளில் வேலைவாய்ப்புக்கும் படிப்புக்கும் மேற்கோள் காட்டாத பேச்சாளர் இல்லை. அதே அறிக்கையில் வக்ஃபு பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது, அதை மட்டும் யாரும் திறப்பதில்லை. நாடு முழுக்க 4.9 லட்சம் பதிவான சொத்து, 6 லட்சம் ஏக்கர். சரியாகப் பயன்படுத்தினால் வருஷத்துக்கு 12,000 கோடி ரூபாய் வரக்கூடிய இடத்தில் அப்போது வந்துகொண்டிருந்தது 163 கோடி என்று எழுதியிருந்தார்கள். எங்கள் வாடகை நோட்டைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே புரிந்தது. 8,000 வர வேண்டிய கடையில் 250 வந்தால் வேறு எப்படி இருக்கும்?

நம் ஆட்களுக்கு இன்னொரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் திருச்சி மாவட்டம் திருச்செந்துறையில் ஒரு விவசாயி தன் நிலத்தை விற்கப் போனால், அது வக்ஃபு நிலம், வக்ஃபு வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று பத்திரப் பதிவில் திருப்பி அனுப்பினார்கள். ஊரே தவித்தது, கடைசியில் அரசு தலையிட்டுத்தான் சரியானது. அந்தச் செய்தி நாடு முழுக்க ஓடியது. நாடாளுமன்றத்திலேயே அதைக் காட்டிப் பேசினார்கள். அந்த விவசாயி இடத்தில் என் வாப்பாவை வைத்துப் பார்த்தால் எனக்கும் கோபம் வரத்தான் செய்யும். வாய்க்கால் ஓரத்து 3 மாவைத் தேட ஒரு ஆள் வராது, யாரோ ஒருத்தர் உழுது சாப்பிடும் நிலத்துக்கு மட்டும் கடிதம் போகும் என்றால், அடுத்தவர் நம்மை எப்படி நம்புவார்?

நபிமொழியான ஹதீஸிலிருந்து ஒன்று சொல்கிறேன். இதை எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் (இமாம்) பயானில், அதாவது பிரசங்கத்தில், பாதி மட்டும் சொல்வார். கைபரில் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று நபித்தோழர் உமர் அவர்கள் கேட்டபோது, நிலத்தை அப்படியே நிறுத்தி வைத்து விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்று நபிகள் நாயகம் சொன்னார்கள். விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுக்குப் போகக் கூடாது. இது வரைக்கும் பயானில் வரும். அடுத்த பாதி: பார்த்துக்கொள்கிறவர் அதிலிருந்து நியாயமான அளவு சாப்பிடலாம், நண்பருக்கும் கொடுக்கலாம், ஆனால் அதை வைத்துச் சொத்துச் சேர்க்கக் கூடாது. எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறது பாருங்கள், சோறு சரி, மாடி வீடு கூடாது. இன்னொன்றும் உண்டு. உமர் அவர்கள் தனக்குப் பிறகு அந்த வக்ஃபின் பொறுப்பை எழுதி வைத்தது மகள் ஹஃப்ஸாவின் பெயரில். இதை நான் ஒரு பயானிலும் கேட்டதில்லை. மாநில வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் என்று 2013லேயே சட்டத்தில் எழுதியாகிவிட்டது. எங்கள் ஜமாஅத் (ஊர் முஸ்லிம்களின் சபை) கூட்டத்தில் பெண்ணுக்கு உட்கார நாற்காலி கிடையாது. சொத்தைக் கொடுத்தது ஒரு பெண், அதை ராத்திரி இரண்டு மணிக்குப் போர்ட்டலில் ஏற்றியது ஒரு பெண், நடுவில் எண்பத்தேழு வருஷம் பார்த்துக்கொண்டது முழுக்க ஆண்கள்.

மோதினாருக்கு இப்போது மாதம் 8,500 சம்பளம். அதைக்கூட வெள்ளிக்கிழமை துண்டு விரித்து வசூல் பண்ணித்தான் கொடுக்கிறார்கள். அவர் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் சேர விண்ணப்பம் போட என் கடைக்குத்தான் வந்தாள், கட்டணத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போனவள் வரவில்லை. அவளுக்குத் தகப்பன் இருக்கிறார், பத்திரப்படி பார்த்தால் அவள் கணக்கில் வர மாட்டாள். தகப்பன் இல்லாத பிள்ளைகள் எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சேர்ந்த குடியிருப்பில்) எத்தனை என்று கமிட்டியில் கேட்டேன், பட்டியல் இல்லை என்றார்கள்.

ஊர்வலம் போகட்டும், வழக்கு நடக்கட்டும், நானும் சந்தா கொடுத்திருக்கிறேன். அதோடு கூட, எந்தக் கடை யார் பெயரில், மாதம் எவ்வளவு, எந்த நிலம் யார் குத்தகையில் என்று ஒரே ஒரு தாளில் எழுதி, தொழுகை நேரம் எழுதும் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்கிறேன். அதற்கு டெல்லி அனுமதி தேவையில்லை. தட்டச்சு நான் இலவசமாகச் செய்து தருகிறேன்.

பெட்டியைத் திரும்ப வாங்க வந்த செயலாளரிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் ஜமாஅத்தில் பேசிக்கிறோம்மா, நீ எதுக்கு" என்றார். நல்ல மனுஷர், எனக்கு மாமா முறை, அதற்கு மேல் நான் பேசவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்ததும் அதனால்தான். ஸ்கேன் செய்த கையோடு அந்த 1938 பத்திரத்தில் ஒரு நகல் எடுத்து மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், விரல் ரேகை தெளிவாகவே விழுந்திருக்கிறது. எங்கள் மஹல்லாவில் யாருக்கு வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சை மாவட்டம்.