லெலுவாருக்கு ஒரு பத்து நிமிஷம் குடுங்க

காலேஜ்ல பயோகெமிஸ்ட்ரி நடத்துற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

நான் உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட மூணு வருஷம் படிச்சுட்டு வந்தவன். குறை சொல்றதுக்காக எழுதலன்னு ஆரம்பிக்கலாம்னு பாத்தேன், ஆனா குறை கொஞ்சம் இருக்கு. எங்க கிளாஸ்ல "லெலாயர் பாத்வே"ன்னு, அதாவது கேலக்டோஸ்ங்கற சர்க்கரைய உடம்பு குளுக்கோஸா மாத்துற வழின்னு, போர்டுல எழுதி நாலு அம்புக்குறி போட்டு, இது அஞ்சு மார்க் கேள்வி, விட்டுடாதீங்கன்னு சொல்லிட்டு அடுத்த பாத்வேக்குப் போயிட்டாங்க. லெலாயர்னா ஊரா, கம்பெனியா, ஆளான்னு நாங்களும் கேக்கல. படிச்சு முடிச்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது அவர் லூயிஸ் ஃபெடரிகோ லெலுவார்னு ஒரு அர்ஜென்டினாக்காரர், 1970ல கெமிஸ்ட்ரி நோபலை யார்கூடவும் பங்கு போட்டுக்காம தனியா வாங்கினவர்னு.

சரி, பேரு தெரியலன்னா போகுது. எனக்கு வருத்தம் வேற எடத்துல. கிளைகோஜன், அதாவது உடம்பு குளுக்கோஸைச் சங்கிலியா கோத்துச் சேத்து வைக்கறது, எப்படி உருவாகுதுன்னு நடத்தும்போது எடுத்த எடுப்புல யூடிபி-குளுக்கோஸ்ல (UDP-glucose, யூடிபிங்கற நியூக்ளியோடைட் ஒட்டின குளுக்கோஸ்) ஆரம்பிச்சிடறீங்க. அது எதுக்குங்க? பாஸ்பேட் ஒட்டின குளுக்கோஸ், அந்த குளுக்கோஸ்-1-பாஸ்பேட்தான் கையில இருக்கே, அதையே நேரா சங்கிலில கோத்துட வேண்டியதுதானே, நடுவுல இந்த யூடிபிக்கு என்ன வேலை? இதைக் கேட்டா முட்டாள்னு நெனப்பாங்களோன்னு நான் வாயத் தொறக்கல. ஆனா 1950 வாக்குல பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான் நெனச்சாங்க. கார்ல் கோரியும் கெர்ட்டி கோரியும் கிளைகோஜனை ஒடைக்கிற பாஸ்பாரிலேஸ்ங்கற என்சைமை வச்சு, குளுக்கோஸ்-1-பாஸ்பேட்லேருந்து டெஸ்ட் டியூப்லயே கிளைகோஜன் செஞ்சு காட்டிட்டாங்க, 1947ல நோபலும் வந்தாச்சு. ஒடைக்கிற என்சைமே திரும்பி ஓடினா கட்டிடும், அவ்ளோதான் கதைன்னு எல்லாரும் உக்காந்துட்டாங்க. ஆனா உயிரோட இருக்கற தசைக்குள்ள பாஸ்பேட் எக்கச்சக்கம், குளுக்கோஸ்-1-பாஸ்பேட் துளியூண்டு, அந்த நெலமையில பாஸ்பாரிலேஸ் ஒடைக்கிற பக்கம்தான் போகும், கட்டுற பக்கம் திரும்பவே திரும்பாது. அப்ப கட்டுறது யாரு?

இதுல தமாஷ் என்னன்னா லெலுவார் இந்தக் கேள்வியத் தேடிப் போகவே இல்ல. அவரும் ரான்வெல் கபுட்டோவும் மத்த சகாக்களும் மண்டைய ஒடச்சுக்கிட்டது பால் சர்க்கரைல. லாக்டோஸ் எப்படி உருவாகுதுன்னு பாக்கப் போயி அது சரியா வராம, சரி ஒடையுறதையாவது பாப்போம்னு லாக்டோஸ் சாப்பிடற ஒரு வகை ஈஸ்டை எடுத்தாங்க. லாக்டோஸ் ஒடைஞ்சா கேலக்டோஸ், குளுக்கோஸ்னு ரெண்டு சர்க்கரை வரும். அந்த ரெண்டுக்கும் நாலாவது கார்பன்ல ஒரே ஒரு ஹைட்ராக்சில் (OH) எந்தப் பக்கம் நிக்குதுங்கறதுதான் வித்தியாசம், அதை ஈஸ்ட் எப்படித் திருப்பி வைக்குது? வெறும் என்சைம் போட்டா நடக்கல, ஈஸ்டைக் கொதிக்க வச்ச சாறு கொஞ்சம் சேத்தா ஓடுது. அப்ப சூடு தாங்குற ஏதோ சின்ன மூலக்கூறு உள்ள இருக்குன்னு அர்த்தம். அதைப் பிரிச்சு எடுக்கப் போனப்ப மொதல்ல மாட்டினது குளுக்கோஸ்-1,6-டைபாஸ்பேட், அது 1948ல. அப்புறம் மாட்டினது புற ஊதா ஒளியை அடினோசின் மாதிரியே உறிஞ்சுது, ஆனா முழுசா ஒத்துப்போகல. கடைசில பாத்தா அது யூரிடின். சர்க்கரையத் தூக்கிக்கிட்டு நிக்கற நியூக்ளியோடைட், நம்ம யூடிபி-குளுக்கோஸ்! 1950ல அமைப்போட வெளியிட்டாங்க.

டிரெஹலோஸ், சுக்ரோஸ்னு மத்த சர்க்கரைங்களும் இந்த யூடிபி-குளுக்கோஸ்லேருந்துதான் உருவாகுதுன்னு அங்கேருந்து வரிசையா வந்துச்சு. 1957ல லெலுவாரும் கார்லோஸ் கார்டினியும் கல்லீரல் என்சைமை வச்சு, யூடிபி-குளுக்கோஸ்லேருந்து கிளைகோஜன் நீளுறதைக் காட்டினாங்க. ஒடைக்கிற வழி வேற, கட்டுற வழி வேறன்னு தெரிஞ்சுது. செடில ஸ்டார்ச்சுக்கு ஏடிபி-குளுக்கோஸ்தான் (ADP-glucose) இன்னும் நல்லா வேலை செய்யுதுன்னு 1961ல அவர் லேபுலேருந்துதான் வந்துச்சு, நாம சாப்பிடற சோறே அந்தக் கணக்குதான்.

இதெல்லாம் எங்க நடந்துச்சுன்னு நெனைக்கறீங்க? புவனோஸ் ஐரிஸ்ல ஒரு பழைய வீட்டுல, ஹைமே காம்போமார்ங்கற துணி மில் முதலாளி குடுத்த பணத்துல 1947ல ஆரம்பிச்ச லேப். மழை பேஞ்சா கூரை ஒழுகும், லைப்ரரி புஸ்தகம் நனையாம இருக்க லெலுவாரே அட்டையில வாய்க்கால் மாதிரி செஞ்சு மாட்டினாராம். அதுக்கு முன்னாடி வேற லேப்ல இருந்தப்ப குளிரூட்டுற சென்ட்ரிஃப்யூஜ் இல்லன்னு கார் டயர் டியூப்ல ஐஸ் ரொப்பி மெஷினச் சுத்தி வச்சிருக்காங்க. இத்தனைக்கும் மனுஷன் பரம்பரைப் பண்ணைக்காரர், சொத்துக்குப் பஞ்சமே இல்ல, லேபுக்குத்தான் பஞ்சம். (மயோனைஸையும் கெச்சப்பையும் கலந்து அர்ஜென்டினால சால்சா கோல்ஃப்னு ஒண்ணு தொட்டுக்கறாங்களே, சின்ன வயசுல அதைக் கண்டுபிடிச்சதும் இவர்தான்னு சொல்றாங்க. நான் வீட்ல கலந்து பாத்தேன், பரவால்ல.)

1943ல அவரோட குரு பெர்னார்டோ உசேய், ஜனநாயகம் வேணும்னு ஒரு அறிக்கைல கையெழுத்து போட்டதுக்கு ராணுவ அரசாங்கம் வேலைய விட்டே தூக்குச்சு. இவரும் கூடவே வெளிய வந்துட்டார். வந்து அமெரிக்கால போய்ச் சேந்தது எங்கன்னா செயின்ட் லூயிஸ்ல அதே கோரி தம்பதி லேப்ல! பின்னாடி யாரோட கணக்கைத் திருத்தினாரோ அவங்ககிட்டயே வேலை பாத்திருக்கார். இந்த ஒரு வரிய மட்டும் நீங்க கிளாஸ்ல சொல்லியிருந்தா பின் பெஞ்ச்ல தூங்கினவன் கூட எழுந்திருப்பான்.

சிலபஸ் முடிக்கணும், செமஸ்டர் தொண்ணூறு நாள்தான், இதுக்கெல்லாம் டைம் ஏதுன்னு நீங்க கேப்பீங்க. நியாயம்தான். ஆனா கதைய விட்டுட்டு அம்புக்குறிய மட்டும் குடுத்தா எங்க மண்டைல எதுவும் நிக்க மாட்டேங்குது. கேலக்டோஸை மாத்த முடியாத கேலக்டோசீமியாங்கற நோய் இருக்கற கொழந்தைக்குத் தாய்ப்பாலே ஏன் ஆகாதுன்னு கேட்டா, எனக்கு என்சைம் பேரு மட்டும்தான் ஞாபகம் வந்துச்சு. கேலக்டோஸ்-1-பாஸ்பேட்டை யூடிபி மேல ஏத்துற எடத்துலதான் வண்டி நிக்குது, இது லெலுவார் போட்ட அதே ரோடுன்னு எனக்கு அப்பப் புரியவே இல்ல.

அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அடுத்த இன்டர்னல்ல "லெலாயர் பாத்வே, சிறுகுறிப்பு வரைக"ன்னு போடாதீங்க. மெக்கார்டில்னு ஒரு நோய் இருக்குல்ல, அந்த நோயாளி தசைல பாஸ்பாரிலேஸ் சுத்தமா இல்லன்னு 1959ல கண்டுபிடிச்சாங்க, ஆனா கிளைகோஜன் மட்டும் அடைஞ்சு கெடக்கு. கட்டுறதும் அதே என்சைம்தான்னா இது எப்படி முடியும்னு கேளுங்க. புஸ்தகத்தத் தொறந்து வச்சே எழுதட்டும், அஞ்சுக்கு அஞ்சு குடுங்க.

இப்படிக்கு,
அந்தக் கேள்வியச் சாய்ஸ்ல விட்ட பழைய ஸ்டூடண்ட்