வண்டியை விற்கவில்லை

நாமக்கல்

அன்புள்ள சண்முகம்,

இங்கே அனைவரும் நலம். உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இந்த ஒன்றைப் பதிலாக வைத்துக்கொள். கணக்கு வாத்தியாரிடமே செல்லுபடியான வழக்கம்தானே இது. வண்டியை விற்றுவிட்டாயா என்று கேட்டிருந்தாய். விற்கவில்லை. 2006-ஆம் ஆண்டு வாங்கிய அந்த 1613 லாரி இன்னும் தாவணகெரேயிலிருந்து கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றி வந்துகொண்டுதான் இருக்கிறது. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்று கேலி செய்திருந்தாய் அல்லவா, அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் கார் லிட்டருக்கு 15 கொடுத்துக்கொண்டிருந்தது 20 ஆகிவிட்டது என்று பெருமைப்பட்டிருக்கிறாய். ஆயிரம் கிலோமீட்டருக்கு 67 லிட்டர் குடித்த கார் இனி 50 லிட்டர் குடிக்கும். மிச்சம் 17 லிட்டர். என் வண்டி 4-லிருந்து 4.5-க்கு ஏறியிருக்கிறது, வெறும் அரைக் கிலோமீட்டர்தான். ஆனால் அதே ஆயிரம் கிலோமீட்டருக்கு 250 லிட்டர் ஊற்றிய இடத்தில் இப்போது 222 லிட்டர் போதும்; மிச்சம் 28 லிட்டர். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றே பார்த்துக்கொண்டிருந்தால் பெரிய வண்டியின் மிச்சம் கண்ணில் படாது, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் தெரியும். 2014 அக்டோபரில் டீசலுக்கு விலைக் கட்டுப்பாடு நீங்கியபின், டீசல் ஏறிய வேகத்தில் வாடகையும் ஏறியதாக எங்கள் லாரிப்பேட்டையில் ஒருவர் வாயாலும் நான் கேட்டதில்லை. ஆகவே விலை நம் கையில் இல்லை, லிட்டர் மட்டுமே நம் கையில் இருக்கிறது.

டீசல் குழாயில் மாட்டச் சொல்லி நீ அனுப்பிய காந்தத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை என்று உனக்கு வருத்தம். டீசலைக் காந்தம் ஒன்றும் செய்வதில்லை. இப்படி மிச்சம் பிடித்துத் தருவதாகச் சொல்லி விற்கப்படும் கருவிகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்து பார்த்திருக்கிறது. சொல்லிக்கொள்ளும்படி மைலேஜைக் கூட்டிய கருவி ஒன்றுகூட அதில் தேறவில்லை. உன் காந்தம் இப்போது பட்டறை மண்ணில் சிதறும் நட்டுகளைப் பொறுக்குவதற்கு மிகவும் உதவியாக இருக்கிறது. உன் பணம் வீண்போகவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்.

மைலேஜ் ஏறியது எஞ்சினைப் பிரித்ததால் அல்ல என்பதைத்தான் உனக்குச் சொல்லவேண்டும். பழைய வண்டி என்றாலே நாசிலை மாற்று, பம்பை இறக்கு, போர் வேலை செய் என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் முதலில் மாற்றியது அறுந்து கிடந்த மீட்டர் கேபிளை. ஓடிய தூரமே தெரியாமல், ஊருக்கு ஊர் இத்தனை கிலோமீட்டர் என்று வாய்க்கணக்கில் மைலேஜ் பேசுவதில் பொருளில்லை. பிறகு ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி, கழுத்து வரை டேங்கை நிரப்பி, போகவர இரண்டு வழியையும் சேர்த்தே கணக்கெழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன்.

அதன்பின் தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் பொருள். எப்போதோ வண்டி சூடானபோது யாரோ ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார். விடியற்காலையில் ஓசூரைத் தாண்டி வெகுதூரம் வந்தும் சூடு காட்டும் முள் அடிக்கோட்டை விட்டு எழவே இல்லை என்று டிரைவர் பெருமாள் சாதாரணமாகச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. சூடேறாத எஞ்சினில் டீசல் சரியாக எரியாது, எண்ணெயும் இளகாமல் கனத்தே ஓடும், தேய்மானமும் கூடும்; சில நூறு ரூபாய்ப் பொருளை மிச்சம் பிடிக்கப்போய் வழியெல்லாம் டீசலாகக் கொட்டியிருக்கிறது. மேட்டில் கரும்புகை தள்ளுகிறது, பம்பைக் குறைக்கவேண்டும் என்று பம்புக் கடைக்காரர் சொன்னதற்கும் இப்படித்தான் வேறொரு காரணம் இருந்தது. எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்து, மூட்டைச் சுற்றிலும் எண்ணெய்க் கரி பிசுபிசுவென்று படிந்திருந்தது. கரும்புகை என்பது காற்றுப் போதாமல் எரியாமற்போன டீசல். கிளிப்பை இறுக்கி, ஏர் ஃபில்டரையும் மாற்றியதும் புகை அடங்கிவிட்டது, பம்பை யாரும் தொடவில்லை.

சக்கரங்களிடம் வந்தபோதுதான் வண்டியின் உண்மையான ஓட்டைகள் தெரிந்தன. லோடு இறக்கிய கையோடு நான்கு பிரேக் டிரம்மின் மேலும் பெருமாள் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். மூன்றில் மெதுவாகக் காய்ந்தது, பின்பக்க இடது டிரம்மில் மட்டும் சுர்ரென்று ஆவியாகப் பறந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரைச் சுற்றுக்கே நின்றது. பிரேக் லைனிங் டிரம்மை விடாமல் உரசிக்கொண்டே இருக்க, தாவணகெரேயிலிருந்து நாமக்கல் வரை அந்த ஒரு சக்கரத்தைப் பிரேக் பிடித்தபடியே எஞ்சின் இழுத்து வந்திருக்கிறது. டயர் கதை இன்னும் மோசம். பின்னால் இரட்டையாக ஓடும் டயர்களில் உள் டயரின் வால்வுக்குக் கை எட்டுவது கடினம் என்பதால், கிளீனர்கள் அதைக் கம்பியால் தட்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கேஜ் வைத்துப் பார்த்தால் நூற்றை ஒட்டி இருக்கவேண்டிய காற்று எழுபதில் இருந்தது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதிலேயே சூடாகிறது, அந்தச் சூடு முழுவதும் நாம் காசு கொடுத்து ஊற்றிய டீசல்; அதன் பங்குச் சுமையையும் சேர்த்துத் தாங்கும் வெளி டயர் சீக்கிரம் தேய்கிறது என்பது தனிச் செலவு. வால்வுக்கு நீட்டுக் குழாய் போட்டுக் கொடுத்தேன். நைலான் டயர்கள் தேயத் தேய ரேடியலுக்கு மாறிக்கொண்டிருக்கிறேன்; ஒரே நாளில் ஆறையும் மாற்ற நான் என்ன ஜமீன்தாரா?

வேகத்தைக் குறைக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்பதை உனக்குச் சொல்லவேண்டியதில்லை. 75-இல் போகிற வண்டி 60-க்கு இறங்கினால் அந்தத் தடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. மத்திய அரசின் பெட்ரோலியச் சிக்கன ஆராய்ச்சி அமைப்பு 45-லிருந்து 55-க்குள் ஓட்டச் சொல்லி எத்தனையோ ஆண்டுகளாகப் பிரசாரம் செய்கிறது. நான்கு வழிச் சாலையில் அந்த வேகத்தில் போனால் பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே நம்மைத் தள்ளிவிடுவான், ஆதலால் 60 என்று பேசி முடித்தோம். தார்ப்பாயையும் படபடவென்று அடிக்காமல் இழுத்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

இனி நான் எழுதப்போவதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் தொப்பூர்க் கணவாய் உனக்குத் தெரியும். அங்கே நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று காவல்துறை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது, இருந்தும் டீசல் மிச்சம் என்று நம்பி விட்டுவிடுகிறவர்கள் குறையவில்லை; அந்த இறக்கத்தில் ஒரு லாரி கட்டுப்பாடு இழந்தால் முன்னால் போகும் கார்களின் கதி என்ன என்பதை நாம் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! இதில் கொடுமை என்னவென்றால் அங்கே மிச்சமே கிடையாது. லேசான சரிவில் நியூட்ரல் சற்றுத் தூரம் கூடுதலாக உருட்டிச் செல்லும், மறுக்கவில்லை. ஆனால் தொப்பூர் போன்ற இறக்கத்தில் கியரில் வைத்துக் காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுற்றுவதால் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்பின் கவர்னர் டீசலை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமலிருக்க அது சொட்டிக்கொண்டே இருக்கவேண்டும். எஞ்சினின் பிடியும் போய், முழுப் பாரமும் டிரம்மில் விழுந்து, டிரம் சூடேறி, மிதித்தாலும் பிரேக் பிடிக்காத நிலை வந்துவிடுகிறது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. அப்போது பிரேக்குக்குக் காற்றடைக்கும் கம்ப்ரஸரும் நின்றுவிடும், டேங்கில் இருக்கும் காற்று சில மிதிகளுக்குத்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் செய்கிறார்களா என்றே புரியவில்லை.

பெருமாள் அப்படிச் செய்கிறவர் அல்லர் என்றுதான் நம்புகிறேன். ஆனால் மைலேஜ் ஏறியதைப் பார்த்ததிலிருந்து, மிச்சமாகும் டீசல் பணத்தில் பாதியை டிரைவருக்கே கொடுத்துவிடலாம், இன்னும் ஏறும் என்று மச்சான் நச்சரிக்கிறார். கொடுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை; லிட்டருக்கு விலை வைத்தால் பெருமாளும் தொப்பூரில் கியரைத் தள்ளிவிடுவாரோ என்பதுதான் பயம். பத்து டன் லோடோடு இறங்குகிற வண்டிக்கு நானே ஆசை காட்டியதாக ஆகிவிடும். டயர் காற்றையும் டிரம் சூட்டையும் நோட்டில் ஒழுங்காக எழுதி வருவதற்குத் தனிப்படி கொடுக்கலாம் என்று நான் சொல்ல, நோட்டு எழுதுவதற்கா பணம் என்று அவர் சிரிக்க, ஒரு மாதமாக இதே பேச்சுத்தான் வீட்டில் நடக்கிறது.

இங்குதான் உன் உதவி வேண்டும். மாட்டியிருக்கும் ஜிபிஎஸ் வேகத்தைக் காட்டுகிறதே தவிர எஞ்சின் சுற்றைக் காட்டவில்லை. இந்த வண்டியில் கம்ப்யூட்டரும் கிடையாது. ஆல்டர்னேட்டரில் டபிள்யூ என்று ஒரு முனை இருக்கிறது, அதிலிருந்து சுற்றைப் படிக்கலாம் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். வண்டி 50-க்கு மேல் போகும்போது எஞ்சின் ஐடிலுக்கு, அதாவது நின்ற வண்டியில் ஓடும் குறைந்த சுற்றுக்கு, இறங்கினால் கேபினில் ஒரு மணி அடிக்கும்படி செய்ய முடியுமா, கம்பெனியில் இத்தனை வருடம் நீ மீட்டர்களோடு மல்லாடியவன் ஆயிற்றே. பெருமாளிடம் சொல்லிவிட்டுத்தான் மாட்டுவேன், அவருக்குத் தெரியாமல் அல்ல. அடுத்த லோடு வரும்போது வண்டி ஓசூரில் சாப்பாட்டுக்கு நிற்கும், முன்கூட்டியே தெரிவிக்கிறேன். நீயே நேரில் பார்த்துவிடு. வரும்போது இன்னொரு காந்தம் மட்டும் கொண்டுவராதே.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
பழனி