தூக்கம் பிடிக்காத மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இராத்திரி மூன்று மணிக்கு நீ அனுப்பிய செய்தியைக் காலையில்தான் பார்த்தேன். "அலைச்சல் இல்லை, வேண்டிய மட்டும் தூங்கலாம், தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது" என்று எழுதியிருந்தாய். கொரோனா ஊரடங்கில் வீடே கதி என்றான பிறகு பலருக்கும் இதே புலம்பல்தான்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த 2020 ஊரடங்கில் ஐரோப்பாவில் நடத்திய ஓர் ஆய்வில், ஜனங்கள் முன்பைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தூங்கியதாகவும், ஆனால் தூக்கத்தின் தரம் குறைந்ததாகவும் தெரிந்தது. நேரம் கிடைத்தது, நிம்மதி கிடைக்கவில்லை.

நம் உடம்புக்குள் ஓடும் கடிகாரம் பெரும்பாலோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். தினமும் அதை இழுத்துப் பிடிப்பது காலை வெளிச்சம். மேகம் மூடிய நாளில்கூட வெளியே பகலில் பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். வீட்டு விளக்கடியில் சில நூறு இருந்தாலே பெரிது. முன்பு ஆபீசுக்கு ஓடும் அவசரத்திலேயே உனக்கு அந்த வெளிச்சம் கிடைத்துவிடும். இப்போது திரையை இழுத்து மூடிவிட்டு உள்ளேயே கிடக்கிறாய். பன்னிரண்டு ஒன்றாகி, ஒன்று மூன்றானது அப்படித்தான்.

அப்புறம் அந்தக் கட்டில். வீடியோவில் பார்க்கிறேனே: முதுகுக்குத் தலையணை, மடியில் லேப்டாப், போர்வைக்குள்ளிருந்து வரும் சார்ஜர் ஒயர். வேலையும் அங்கே, சாப்பாடும் அங்கே என்றால், அது தூங்குகிற இடம் என்று உடம்புக்கு எப்படித் தெரியும்? ஒரு நாற்காலிக்கு மாறு. படுத்துப் புரண்டுகொண்டே இருந்தால் எழுந்துபோய் உட்கார். கண் சொக்கும்போது வந்து படு. மாலைக் காபியை விடு, அதன் வீரியம் பல மணி நேரம் நிற்கும். படுக்கும் முன் நோய்க் கணக்கைப் பார்க்காதே. விடிந்த பிறகும் அது அங்கேதான் இருக்கும்.

சீக்கிரம் தூங்கு என்று சொல்லமாட்டேன், அது யார் கையிலும் இல்லை. எழுந்திருப்பது நம் கையில்தான். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழு. முதல் சில நாள் என்னைத் திட்டுவாய், பரவாயில்லை. சில வாரமாகியும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் போனில் கேட்டுவிடு, தள்ளிப்போடாதே.

நாளையிலிருந்து காலை ஏழு மணிக்குக் கூப்பிடுவேன். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்து பேசு. அம்மாவும் பேச வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா