கால்தான் ஏன் முதலில் விறைக்கிறது

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு மகனுக்கு,

நேற்றுப் போனில் நீ கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். அப்பா பக்கத்தில் இருந்தார், நரம்பு என்று வாயெடுத்தாலே அவருக்கு முகம் கறுத்துவிடும். "கட்டி கழுத்தில், ஊசி கையில், கால் ஏனம்மா விறைக்கிறது? வேறு வருத்தம் ஏதாவது வந்துவிட்டதா?" என்றாய். வேறு ஒன்றும் இல்லை. இவ்வளவு காலம் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்த வாய் சும்மா இருக்குமா? எழுதியே விடுகிறேன், ஆறுதலாக வாசி.

போன தடவை டொக்டர் இசைக்கவையைத் தட்டி என் பெருவிரல் எலும்பில் வைத்தார். குளிர்ந்த இரும்பு ஏதோ தொடுகிறது என்பதோடு சரி, அதிர்வு தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், 'ங்' என்று உள்ளே இறங்கியது. குதிக்காலுக்கு மேலே சுத்தியலால் தட்டினார், துள்ள வேண்டிய பாதம் பேசாமல் கிடந்தது. "வின்கிரிஸ்டினின் வேலை" என்றார். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கிற புற்றுநோய் மருந்து அது. நம் பல்கனிச் சட்டியில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்து நிற்கிறதே, அதேதான்.

பெருவிரலை உணர்கிற நரம்புக்கலத்தின் உடல் பெருவிரலில் இல்லை, நாரிப் பக்கம் முள்ளந்தண்டோடு ஒட்டிக் கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொட்டிலிருந்து ஒரு இழை கால்விரல் வரை இறங்குகிறது, கிட்டத்தட்ட ஒரு மீற்றர். நுனிக்குத் தேவையான புரதங்களில் பெரும்பகுதி மேலேதான் தயாராகிறது. தானாகப் பரவிப் போகட்டும் என்று விட்டால் ஆயுளுக்கும் போய்ச் சேராது. அதற்காக இழைக்குள் நுண்குழாய்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் 25 நனோமீற்றர் தடிப்பு. அந்தக் குழாய்மேல் நடந்துதான் மோட்டார் புரதங்கள் சாமான் கொண்டுபோகின்றன. நுனியை நோக்கிப் போவது கைனசின், நுனியிலிருந்து திரும்பி வருவது டைனீன்.

கைனசினை 1985-இல் வேல், ரீஸ், ஷீட்ஸ் என்ற மூவர் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் கண்டுபிடித்தார்கள். எதில் தெரியுமா? கணவாயில். நீ பிரட்டல் கறி வைத்துத் தா என்று கேட்பாயே, அந்த இனத்தின் உடம்பில் ஒரு நரம்பிழை ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குக்கூட வளரும். வெறுங்கண்ணால் பார்க்கலாம், உள்ளிருப்பதைப் பிதுக்கி எடுத்துப் பரிசோதிக்கலாம்.

கைனசின் ஒரு எட்டு வைத்தால் 8 நனோமீற்றர், ஒவ்வொரு எட்டுக்கும் ஏடிபி என்ற சக்தி மூலக்கூறு ஒன்று செலவு. நாரியிலிருந்து பெருவிரலுக்கு எத்தனை எட்டு என்று கணக்குப் பார், பன்னிரண்டரைக் கோடி. ஒரு தனிக் கைனசின் நூறு சொச்சம் எட்டு நடந்ததும் குழாயை விட்டு விழுந்துவிடும். ஆகவே ஒரு சாமானைப் பல மோட்டார்கள் சேர்ந்து பிடித்திருக்கும், ஒன்று விட்டாலும் மற்றது கொண்டுபோகும். விரைவாகப் போகிறவை ஒரு நாளில் 200 முதல் 400 மில்லிமீற்றர் வரை போகின்றன.

நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கையில் எனக்கே மிகவும் பிடித்த இடம் இனித்தான். எந்தச் சாமானை எது தூக்குவது என்று யார் தீர்மானிப்பது? புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் மூட்டை சுமக்கிற நாட்டாமிமாரைப் பார்த்திருப்பாய். சுமை இல்லாத நேரம் வண்டியிலேயே சுருண்டு படுத்திருப்பார்கள், மூட்டையில் எழுதியிருக்கிற குறியைப் பார்த்துத்தான் எழும்புவார்கள். கைனசினும் சுமை இல்லாதபோது மடிந்து, வாலைத் தலைமேல் போட்டுக்கொண்டு கிடக்கும், ஏடிபியை வீணாக்காது. சாமானின் தோலில் இருக்கிற புரதம் ஒன்று, பெரும்பாலும் இடையில் நிற்கும் ஒரு இணைப்புப் புரதத்தின் மூலமாக, அதைப் பிடித்ததும் மடிப்பு விரிந்து நடக்கத் தொடங்குகிறது. மோட்டார் சாமானைத் தேடி அலைவதில்லை.

கலத்துக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்கிற இழைமணியை எடுத்துக்கொள். அதன் வெளித்தோலில் மிரோ என்ற புரதம், அதைப் பிடிப்பது டிராக் என்ற இணைப்புப் புரதம், டிராக்கைப் பிடிப்பது கைனசின். மிரோவுக்கு கல்சியத்தை உணரத் தெரியும். நரம்பு மும்முரமாக வேலை செய்கிற இடத்தில் கல்சியம் ஏறும், ஏறினால் இழைமணி அங்கேயே நின்றுவிடும். சக்தி தேவைப்படுகிற இடமும் அதுதானே! நரம்பு நுனியில் செய்தி சொல்லும் சிறு பைகளுக்கு வேண்டியவற்றைக் கொண்டுபோவது கிஃப்1ஏ என்ற வேறொரு கைனசின். அது பையின் கொழுப்புத் தோலில் ஒரு அடையாளத்தையும் ராப்3 என்ற புரதத்தையும் பார்த்து ஏற்றும். ராப்3 ஜிடிபி (GTP) பிடித்த வடிவத்தில் இருந்தால்தான் ஏற்றும், வடிவம் மாறினால் விட்டுவிடும். ஏற்றுவதும் இறக்குவதும் அந்த ஒரே ராப்3-ஆல் நடக்கிறது. எவ்வளவு சிக்கனம் பார்!

மனிதருக்குக் கைனசின் மரபணுக்கள் 45. திரும்பி வருகிற வேலையோ ஏறக்குறைய முழுவதும் ஒரே டைனீன் தலையில். அதைத் தனியே விட்டால் சரியாக நடக்காது, டைனக்டின் என்ற புரதக் கூட்டமும் ஒரு இணைப்புப் புரதமும் கூட இருக்க வேண்டும். எந்த இணைப்புப் புரதம் என்பதைப் பொறுத்துச் சுமை மாறும். விசர்நாய்க்கடி வைரஸும் ஏற்புவலி நஞ்சும் இந்தத் திரும்பிவரும் வழியில்தான் தொற்றிக்கொண்டு மேலே போகின்றன. முகத்தில் கடித்தால் காலில் கடித்ததைவிட ஆபத்து ஏன் என்று இப்போது உனக்கே விளங்கும்.

வட்ஸ்அப்பில் யாரோ எனக்கு அனுப்பிய வீடியோவில் கைனசின் ஒரு பெரிய பந்தை இழுத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிதானமாக நடக்கிறது. அழகுதான், ஆனால் பொய். கலத்துக்குள் நீர்மூலக்கூறுகள் அதை எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த இடிபாட்டுக்குள்ளேயே முன்னால் போவதுதான் அதிசயம். இந்த மாதிரிப் படங்களைப் பார்த்த பிள்ளைகளுக்குச் சரியான விஷயத்தைப் புரியவைக்க எனக்கு இரண்டு மடங்கு நேரம் போனது.

சரி, என் காலுக்கு வருகிறேன். புற்றுக்கலம் இரண்டாகப் பிரிவதற்கும் நுண்குழாய் வேண்டும். வின்கிரிஸ்டின் அந்தக் குழாயின் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு குழாய் கட்டவிடாமல் செய்கிறது, கட்டி சுருங்குவது அதனால்தான். நரம்புக்கலம் பிரிவதில்லை, ஆனாலும் குழாய் அதுவும் வைத்திருக்கிறதே. குழாய் குழம்பினால் மோட்டாருக்கு நடக்க வழியில்லை. எந்த நரம்பு மிக நீளமோ அதன் நுனிதான் முதலில் பட்டினி கிடக்கும். ஆகவே கால்விரல், பிறகு விரல்நுனி. சட்டைப் பொத்தான் போட இப்போது கொஞ்சம் நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான்.

ஊசியை நிறுத்தச் சொல் என்று இனிக் கேட்காதே. கழுத்துக் கட்டி கைக்கே பிடிபடவில்லை, அதை விட்டுவிட்டுக் காலுக்காக அழவா? அளவைக் குறைத்திருக்கிறார்கள். மருந்து முடிந்தபிறகு பலருக்கு மெல்ல மெல்லத் திரும்பும், மாதங்கள் எடுக்கும். குழாயின் மூலப்பொருளே ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் நகர்கிறது, அவசரப்பட்டு என்ன செய்ய? உன் மாமி சொன்ன நரம்பு விற்றமினை அனுப்பாதே. அது இதைத் தடுக்கும் என்று நிரூபணம் இல்லை, பார்சல் காசும் நட்டம்.

படியில் இறங்கும்போது செருப்பு கழன்றது தெரியாமல் இரண்டு படி வந்துவிட்டேன். அப்பாவுக்குச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் குதிக்காலை மூடுகிற, அடி வழுக்காத சப்பாத்து ஒரு சோடி வாங்கு. நாடா வேண்டாம், ஒட்டுகிற பட்டி வைத்தது. அளவு தங்கச்சிக்குத் தெரியும்.

அன்புடன்,
அம்மா