ஆணை எங்கே என்று உங்கள் படத்தில் ஒருவராவது கேட்கட்டும்

தமிழில் உளவுப் படங்கள் எடுக்கும் இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

அண்மையில் பார்த்த ஒரு படத்தின் காட்சிதான் இந்த மடலை எழுத வைத்தது. படத்தின் பெயரைச் சொல்லவில்லை. அதே காட்சி வேறு பல படங்களிலும் இருப்பதால் ஒருவரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நாயகன் ஒரு பெண்ணின் கைபேசி எண்ணைச் சொல்கிறான். கணினி முன் அமர்ந்திருக்கும் இளைஞன் நான்கு விசைகளைத் தட்டுகிறான். அவள் யாரோடெல்லாம் பேசினாள், எந்தத் தெருவில் நிற்கிறாள், இந்த நொடியில் என்ன பேசுகிறாள் என்பதெல்லாம் சுவர் அளவு திரையில் விரிகின்றன. அவள் எந்தக் குற்றமும் செய்தவள் இல்லை. தேடப்படுகிறவனின் தங்கை, அவ்வளவுதான். அரங்கில் விசில் பறந்தது. இதற்கு அரசின் எழுத்துபூர்வ ஆணை இருக்கிறதா என்று அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடுகிறவள். என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றி, அவருடைய ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். கணவரோடு பிணக்கு ஏற்பட்டு அவர் தாய்வீட்டில் இருந்தார். இரு வீட்டுப் பெரியவர்களும் சமரசம் பேச உட்கார்ந்தபோது, கணவர் ஒரு தாள்கட்டை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தார். மனைவியின் கைபேசியிலிருந்து போன அழைப்புகளின் பட்டியல் அது. எண், தேதி, நேரம், எத்தனை நொடி, எந்தக் கோபுரம் என எல்லாம் அதில் இருந்தன. காவல் துறையில் இருக்கும் நண்பர் எடுத்துக் கொடுத்ததாக அவரே பெருமையாகச் சொன்னார். இரவில் போன ஒவ்வோர் எண்ணுக்கும் அந்தப் பெண் பெரியவர்கள் முன்னால் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இது தம்பி. இது உடன் வேலை பார்ப்பவர். இது மருத்துவர். அப்புறம் 181.

அது பெண்களுக்கான உதவி எண். அடி தாங்க முடியாத இரவுகளில் அவர் அதைத்தான் அழைத்திருக்கிறார். யாருக்குப் பயந்து அழைத்தாரோ, அவர் கையிலேயே அந்த அழைப்பின் நேரமும் நீளமும் இருந்தன. அதன் பிறகு அவர் அந்த எண்ணை அழைக்கவே இல்லை. தன் தாயிடம் பேசக்கூட பக்கத்து வீட்டுக் கைபேசியைக் கேட்டு வாங்கினார்.

அந்தக் கூடத்தில் இருந்த ஒரு பெரியவர் அவரைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னது இது: "சந்தேகம் வந்தால் பார்க்கத்தானே செய்வார்கள், படங்களில் எல்லாம் பார்க்கவில்லையா அம்மா?"

இந்த வார்த்தைகளுக்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அந்தக் கணவர் செய்தது உங்கள் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது குற்றமே இல்லை என்று அந்தக் கூடம் முழுவதும் நம்பியதில் உங்களுக்குப் பங்கு உண்டு.

சட்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. பேச்சை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளர் எழுத்தில் ஆணையிட வேண்டும், அது இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும் என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் சொன்னார்கள். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011இல் மத்திய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையையே ரத்து செய்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாத இடத்தில், குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பது மட்டும் போதாது என்றது. உள்துறைச் செயலாளர் கையெழுத்திட்ட கோப்பே நீதிமன்றத்தில் நிற்கவில்லை. உங்கள் நாயகனுக்கு மட்டும் எந்தக் கோப்பும் தேவைப்படுவதில்லை.

தணிக்கை வாரியத்துக்கு எழுதலாமே, புகைபிடிக்கும் காட்சிக்கு வருவது போல இதற்கும் ஒரு எச்சரிக்கை வரி கேட்கலாமே என்றார்கள் நண்பர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரசின் ஒட்டுக்கேட்பைக் கேள்வி கேட்பதற்காக, அதே அரசின் கையில் இன்னொரு கத்தரிக்கோலைக் கொடுக்க நான் தயாரில்லை. காட்சியை எடுக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆணை எங்கே என்று ஒரு பாத்திரம் கேட்கட்டும். நான் கேட்பது அவ்வளவே.

கேட்டால் கதையின் வேகம் குறைந்துவிடும் என்பீர்கள். கையெழுத்திட மறுக்கும் ஓர் அதிகாரியைவிடப் பரபரப்பான பாத்திரம் எது? 1974இல் அமெரிக்க இயக்குநர் கொப்பொலா எடுத்த 'தி கான்வர்சேஷன்' படத்தின் நாயகன் காசுக்கு ஒட்டுக்கேட்பவன். கேட்டதன் பாரம் அவனை உருக்குலைக்கிறது; கடைசியில் தன் வீட்டிலேயே யாரோ கேட்கிறார்கள் என்று அறிந்து வீட்டையே பிய்த்துப் போடுகிறான். கான் திரைப்பட விழாவின் முதன்மைப் பரிசு அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது.

நம் நாட்டிலும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. 2018இல் மகாராஷ்டிரத்தின் தானே நகரக் காவல் துறை, அழைப்புப் பட்டியல்களைச் சட்டவிரோதமாக வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தது. 2024இல் தெலங்கானாவில், எதிர்க்கட்சியினரின் பேச்சை ஒட்டுக்கேட்டதாகக் காவல் துறை அதிகாரிகள் மீதே வழக்கு வந்தது. கைபேசிகளை உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று சொன்னதை 2022இல் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் தெரிவித்தார். அதன்பின் என்ன ஆனது? 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தான் விரும்பும் அரசு அமைப்புக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அதே மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. ஒட்டுக்கேட்பு ஆணையை மறுஆய்வு செய்யும் குழுவில் அதிகாரிகள்தான் இருக்கிறார்கள். நீதிபதி ஒருவரும் இல்லை. கேட்கப்பட்டவருக்குக் கேட்டு முடித்த பிறகாவது சொல்ல வேண்டும் என்ற விதியும் கிடையாது. என்னிடம் வந்த பெண்ணுக்குத் தெரிந்ததுகூட, கணவர் பெருமையடித்துக்கொண்டதால்தான். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றுவரை தெரிந்திருக்காது. இப்படி எத்தனை பேர் தெரியாமலே இருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

மன்னிக்கவும், அரசிடம் கேட்க வேண்டியதை உங்களிடம் கொட்டிவிட்டேன். உங்களிடம் கேட்பது சிறியது, உங்களால் முடிந்தது. நாயகன் எண்ணைச் சொல்லும்போது, கணினி முன் இருக்கும் அந்த இளைஞன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஆணை எங்கே சார்?" என்று கேட்கட்டும். நாயகன் ஆணையைக் காட்டலாம். காட்டாமல் மிரட்டவும் செய்யலாம். அப்போது அவன் சட்டத்தை மீறுகிறான் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும்.

தீர்ப்புகள் யாவும் பொதுவில் கிடைக்கின்றன. திரைக்கதை எழுதும்போது சட்ட நடைமுறை பற்றி ஐயம் வந்தால் என்னை அழையுங்கள். கட்டணம் எதுவும் வேண்டாம். அடுத்த படத்திலாவது அந்த ஒரு வசனத்தை எழுதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடும்ப நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவர்