பட்டா என் பெயரில், பாடு அவருடையது

மதிப்பிற்குரிய ஒன்றிய வேளாண் அமைச்சகத்தாருக்கும் தமிழ்நாடு வேளாண்மை – உழவர் நலத்துறையினருக்கும் வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்தில் என் பெயரில் இரண்டு ஏக்கர் நஞ்சை இருக்கிறது. அப்பா வழியில் வந்த நிலம். நான் அதில் இறங்கி நாற்றுப் பறித்ததும் இல்லை, வரப்பு வெட்டியதும் இல்லை, பிழைப்பு வெளியூரில். ஆயினும் பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது முதல், ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக என் வங்கிக் கணக்கில் வரவாகிறது. வருமான வரி கட்டும் அளவுக்கு எனக்குச் சம்பளம் இல்லை, பட்டாவும் என் பெயரில் இருக்கிறது என்பதால், விதிப்படி நான் தகுதியுள்ள விவசாயி. அந்த நிலத்தைப் பதினைந்து ஆண்டுகளாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவரும் பெரியவர், அதே விதிப்படி, விவசாயியே அல்லர்.

ஒரு சம்பாப் பருவத்தில் நடவு முடிந்த பத்தாம் நாள் மழையில் பயிர் மூழ்கியது. வரப்பை வெட்டித் தண்ணீரை வடிய விட்டிருப்பதாகவும், வேர் அழுகாமல் தப்பினால் மேலுரம் போட வேண்டும், கையில் காசில்லை என்றும் அவர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தபோதே, 2,000 ரூபாய் வரவு வைக்கப்பட்ட குறுஞ்செய்தி எனக்கு வந்தது. அதை அவருக்கே அனுப்பிவைத்தேன். அரசு கொடுத்த பணத்துக்கு அவர் எனக்கு நன்றி சொன்னதுதான் கூச்சமாக இருந்தது.

குத்தகையைப் பதிவு செய்துகொள்ள 1969-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். பதிவு செய்தால், 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நிலத்தை எளிதில் திரும்பப் பெற முடியாது என்னும் அச்சத்தில், உடைமையாளர்கள் பலர் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆம், நானும் அப்படித்தான். கோயில் நிலத்தை உழுபவர் நிலையோ இன்னும் விசித்திரமானது. நிறுவனங்களின் பெயரிலுள்ள நிலத்துக்கு இத்திட்டம் பொருந்தாது என்பதால், அந்த நிலத்தின் பேரில் யாருக்குமே தவணை கிடையாது.

ஆந்திர அரசு 2019-இல் கொண்டுவந்த சட்டம், 11 மாத ஒப்பந்தத்தின் பேரில், நிலத்தின் மீது உரிமை கோராமலேயே கடன், காப்பீடு, இடுபொருள் உதவி ஆகியவற்றைச் சாகுபடியாளர் பெறுவதற்கு வழிசெய்தது. ஆனால் உடைமையாளரின் கையெழுத்து அதற்குக் கட்டாயமாக்கப்பட்டதால், என்னைப் போன்றவர்களின் தயக்கத்திலேயே அதுவும் சிக்கிக்கொண்டது. அந்தக் குறையைக் களைந்து, வயலை நேரில் பார்த்துக் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பயிர்க் கணக்கான அடங்கலில் பருவந்தோறும் உண்மையில் பயிரிடுபவரின் பெயர் பதியப்படவும், அந்தப் பதிவு உதவித்தொகைக்கு மட்டுமே ஆதாரமாகுமே தவிர நில உரிமைக்கு ஆகாது என்று தெளிவாக ஆணையிடவும் வேண்டுகிறேன். அந்த உறுதி இருந்தால் என் போன்றோரின் பயம் பாதி தணியும்.

தவணையை வேண்டாமென்று விட்டுக்கொடுக்க உங்கள் இணையதளத்தில் இப்போதே வழியுண்டு. விட்டுக்கொடுத்தால் பணம் அரசிடம் நின்றுவிடும், என் வயலுக்குப் போகாது. விட்டுக்கொடுக்க நான் சித்தமாயிருக்கிறேன். அதைப் பெற வேண்டியவரின் பெயரை எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள்.

இப்படிக்கு,
பட்டாதாரர் ஒருவர்